சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மருத்துவக் கழிவு மேலாண்மை

மருத்துவக் கழிவு அல்லது உயிரி மருத்துவக் கழிவு என்பது மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் நோயறிதல், சிகிச்சை, தடுப்பூசி ஆகியவற்றைச் செய்யும்போதும், அவை தொடர்பான ஆய்வுகளின்போதும் உண்டாகும் கழிவுகளைக் குறிக்கும். இரத்தம் தோய்ந்த பஞ்சு, பயன்படுத்திய ஊசி, அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட உறுப்பு, ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட கிருமி, காலாவதியான மருந்து முதலியன இதில் அடங்கும். தமிழகத்தின் வடமேற்கில் அமைந்துள்ள சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இக்கழிவுகள் எவ்விதிகளின் கீழ் பிரிக்கப்பட்டு, கொண்டு செல்லப்பட்டு, அழிக்கப்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இவ்விதிகளை மாநில அரசின் விதிகள் என்று கூறுவது பேச்சு வழக்கில் உண்டு. உண்மையில் இவை சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986 இன் கீழ் நடுவண் அரசு இயற்றியவை. அவற்றை நடைமுறைப்படுத்தும் பொறுப்பே மாநிலத்தைச் சேர்ந்தது. தமிழகத்தில் 1982 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் இதற்குரிய அதிகார அமைப்பாகும். மாவட்ட அளவில் வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகங்கள் மருத்துவமனைகளுக்கான அங்கீகாரம், ஆய்வு ஆகிய பணிகளைக் கவனிக்கின்றன.

எவ்வளவு கழிவு, எவ்வளவு ஆபத்து

ஒரு மருத்துவமனையில் சேரும் குப்பை முழுவதும் ஆபத்தானது அன்று. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி ஏறத்தாழ 85 விழுக்காடு சாதாரணக் குப்பையே. உணவு மிச்சம், தாள், அட்டைப்பெட்டி, தோட்டத்துச் சருகு போன்றவை அதில் அடங்கும். மீதமுள்ள 15 விழுக்காடே தொற்று, நச்சு அல்லது கதிரியக்கத் தன்மை உடையது. ஆனால் இரண்டையும் ஒரே தொட்டியில் கொட்டினால் நூறு விழுக்காடும் தொற்றுக்கழிவாகிவிடும். ஆகவே இந்த விதிகளின் ஆணிவேர் எரிஉலையோ புதைகுழியோ அன்று. கழிவு உண்டாகும் இடத்திலேயே, அதாவது படுக்கையருகிலும் அறுவை அரங்கிலும் ஆய்வக மேசையிலும், பிரித்துப் போடுதலே ஆகும். பின்னர் பிரித்துக்கொள்ளலாம் என்று விடப்படும் கழிவைப் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளராகவோ குப்பை பொறுக்குபவராகவோ இருப்பார். அவருடைய கையில் ஊசி ஏறும்.

அந்த ஊசி என்ன செய்யும் என்பதற்கும் கணக்கு உண்டு. நோய்த்தொற்று உள்ள ஒருவருக்குப் போட்ட ஊசி மற்றொருவரின் தோலில் ஒருமுறை குத்தினால், தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவருக்கு ஹெப்படைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு சுமார் 30 விழுக்காடு. ஹெப்படைட்டிஸ் சி தொற்றும் வாய்ப்பு 1.8 விழுக்காடு, எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 0.3 விழுக்காடு. மக்கள் மிகவும் அஞ்சுவது மூன்றாவதை. பணியாளரை மிகுதியாகத் தாக்கக்கூடியதோ முதலாவது. அதற்குத் தடுப்பூசி உள்ளது என்பதால்தான் கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஹெப்படைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் போட வேண்டும் என்று 2016 ஆம் ஆண்டின் விதிகள் மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்துகின்றன.

பயன்படுத்திய ஊசிகள் மீண்டும் விற்பனைக்கு வருவதால் நேரும் கேட்டிற்கு குசராத்து மாநிலத்தின் மொடாசா நகரம் சான்றாகும். 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கு ஹெப்படைட்டிஸ் பி பரவிப் பலர் உயிரிழந்தனர். விசாரணையில், ஒருமுறை பயன்படுத்தி எறியவேண்டிய ஊசிகள் மீண்டும் பயன்படுத்தப்பட்டதும், மருத்துவக் கழிவு பழைய பொருள் வணிகத்தில் கைமாறியதும் வெளிவந்தன.

விதிகளின் வரலாறு

1980களின் முடிவு வரை இந்தியாவில் மருத்துவமனைக் குப்பைக்கெனத் தனி விதி இருக்கவில்லை. நகராட்சித் தொட்டியே எல்லாவற்றிற்கும் புகலிடமாக இருந்தது. 1995 இல் நடுவண் அரசு வெளியிட்ட வரைவு விதிகள், மருத்துவமனை தோறும் எரிஉலை என்னும் கருத்தை ஒட்டி அமைந்தன. 1996 மார்ச்சில் பி. எல். வதேரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தில்லி நகரில் 50 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் எரிஉலை அல்லது அதற்கு நிகரான வசதியை ஏற்படுத்த வேண்டும் எனக் கூறியது. தெருவுக்குத் தெரு எரிஉலை வந்தால் குப்பை ஒழியும். ஆனால் நெகிழிப் பொருள் எரிந்து வெளிவரும் டயாக்சின் நகரின் காற்றில் கலக்கும் என்று சூழலியலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்த எதிர்ப்புக்குப் பலன் இருந்தது.

1998 சூலை மாதத்தில் 'உயிரி மருத்துவக் கழிவுகள் (மேலாண்மை மற்றும் கையாளுதல்) விதிகள்' அறிவிக்கப்பட்டன. எரிஉலையோடு ஆட்டோகிளேவ், நுண்ணலை போன்ற மாற்று முறைகளையும் இவ்விதிகள் ஏற்றுக்கொண்டன. கழிவுகள் 10 வகைகளாகப் பிரிக்கப்பட்டன. நடைமுறைக்கு வரவேண்டிய காலம் ஊரின் மக்கள்தொகையையும் படுக்கை எண்ணிக்கையையும் பொறுத்துப் படிப்படியாக வகுக்கப்பட்டது. 30 இலட்சத்திற்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட சேலம் போன்ற நகரங்களில் பெரிய மருத்துவமனைகள் முதலிலும், சிறியவை இறுதியாக 2002 திசம்பர் 31 ஆம் நாளுக்குள்ளும் விதிகளுக்கு உட்பட வேண்டியிருந்தன. 2000, 2003 ஆகிய ஆண்டுகளில் இவ்விதிகள் திருத்தப்பட்டன.

1998 விதிகளில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மாதத்திற்கு 1000 நோயாளிகளுக்குக் குறைவாகச் சிகிச்சை அளிக்கும் சிறு மருத்துவர் இல்லங்களும் ஆய்வகங்களும் வாரியத்தின் அங்கீகாரம் பெறத் தேவையில்லை. இராசிபுரம், ஆத்தூர், திருச்செங்கோடு போன்ற ஊர்களில் கடைத்தெரு மாடியில் ஓர் அறையில் இயங்கும் மருத்துவர் இல்லத்திற்கும் இரத்தப் பரிசோதனை நிலையத்திற்கும் இது பொருந்தும். அத்தகைய இடங்களிலிருந்து வெளியேறும் ஊசியும் பஞ்சும் யாருடைய ஏட்டிலும் பதியப்படாமல் போவதற்கு விதியே வழிவிட்டது எனலாம்.

2016 மார்ச் 28 ஆம் நாள் அறிவிக்கப்பட்ட 'உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016' அந்த ஓட்டையை அடைத்தது. படுக்கை எண்ணிக்கை எதுவாயினும், படுக்கையே இல்லாவிடினும், அலோபதியாயினும் சித்த, ஆயுர்வேத, ஓமியோபதி மருத்துவமாயினும் அங்கீகாரம் பெற வேண்டும். தடுப்பூசி முகாம், இரத்த தான முகாம், பள்ளி முதலுதவி அறை ஆகியவையும் விதிகளுக்குள் கொண்டுவரப்பட்டன. இவ்விதிகள் 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டன.

கதிரியக்கக் கழிவு, மின்னணுக் கழிவு, ஈய அமில மின்கலம், நகராட்சித் திடக்கழிவு ஆகியன இவ்விதிகளுக்குள் அடங்கா. அவற்றிற்குத் தனித்தனிச் சட்டங்களும் விதிகளும் உள்ளன.

நான்கு நிறங்கள்

1998 விதிகளில் ஒரே வகைக் கழிவை இரண்டு நிறப் பைகளில் எதிலும் போடலாம் என்ற நிலை சில வகைகளுக்கு இருந்தது. 10 வகையையும் மனப்பாடம் செய்யவேண்டிய செவிலியருக்கு அது குழப்பத்தையே தந்தது. 2016 விதிகள் 10 வகைகளை நான்காகச் சுருக்கி ஒவ்வொன்றிற்கும் ஒரே நிறத்தை வைத்தன.

மஞ்சள் நிறப் பை எரிக்கப்பட வேண்டியவற்றிற்கு உரியது. மனித உடலின் திசுக்கள், உறுப்புகள், நஞ்சுக்கொடி, ஆய்வுக்கு உட்படுத்தப்பட்ட விலங்குகளின் உடற்பகுதிகள், இரத்தமும் சீழும் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, மாவுக்கட்டு, காலாவதியான மருந்துகள், வேதிப்பொருட்கள், இரத்தக்கறை படிந்த படுக்கைத் துணி, ஆய்வகக் கிருமி வளர்ப்புகள், உயிருள்ள அல்லது வீரியம் குறைக்கப்பட்ட தடுப்பூசி மருந்துகள் ஆகியவை இதில் சேரும். ஆய்வகக் கிருமிகளையும் இரத்தப் பைகளையும் மருத்துவமனைக்குள்ளேயே முதலில் கிருமிநீக்கம் செய்த பிறகே வெளியே அனுப்ப வேண்டும். புற்றுநோய்க்கான செல் அழிப்பு மருந்துகளுக்குத் தனி அடையாளம் ஒட்டப்பட வேண்டும். அவற்றை உற்பத்தியாளருக்கே திருப்பி அனுப்பலாம், அல்லது 1200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் எரிக்கலாம். வீட்டில் மகப்பேறு நடந்த காலத்தில் நஞ்சுக்கொடியைக் குழிதோண்டிப் புதைப்பது இவ்வட்டார வழக்கமாக இருந்தது. இன்று அதே பொருள் மஞ்சள் பையில் எடையிடப்பட்டு ஏட்டில் பதியப்படுகிறது.

சிவப்பு நிறம் மறுசுழற்சிக்கு உரிய நெகிழிப் பொருட்களுக்கானது. குளுக்கோசு ஏற்றும் குழாய், சிறுநீர்ப் பை, வடிகுழாய், ஊசி நீக்கப்பட்ட சிரிஞ்சு, கையுறை ஆகியன இதில் அடங்கும். இவற்றை எரிக்கக் கூடாது. குளோரின் அடங்கிய நெகிழி எரிந்தால் டயாக்சின், பியூரான் எனும் நச்சுகள் உண்டாகும் என்பதே காரணம். ஆட்டோகிளேவில் கிருமிநீக்கம் செய்து, துண்டுதுண்டாக வெட்டி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கு அளிக்க வேண்டும். துண்டாக்குவது இங்கு சடங்கு அன்று. முழுதாக இருக்கும் சிரிஞ்சு மீண்டும் கழுவி விற்கப்படலாம். துண்டான சிரிஞ்சுக்கு அந்த வழி இல்லை.

வெண்மை நிறமுடைய, ஊசி துளைக்காத கொள்கலம் கூர்மையான பொருட்களுக்கானது. ஊசி, அறுவைக் கத்தி, பிளேடு முதலியன இதில் இடப்படும். இவை கிருமிநீக்கப்பட்டு வெட்டப்பட்ட பின் இரும்பு வார்ப்பாலைக்கோ காங்கிரீட்டுக் குழிக்கோ செல்லும். நீல அடையாளமிட்ட பெட்டி, உடைந்த அல்லது முழுதான கண்ணாடி மருந்துக் குப்பிகளுக்கும் உடலில் பொருத்தப்பட்ட உலோகப் பொருட்களுக்கும் உரியது. 2016 இல் அட்டைப்பெட்டி என்று கூறப்பட்டிருந்த இது, ஈரத்தில் அட்டை கிழிவதால், 2018 திருத்தத்தில் கசியாத, துளைபடாத பெட்டி என மாற்றப்பட்டது.

பைகள் யாவற்றிலும் உயிரித்தீங்குக் குறியும் பட்டைக்குறியீடும் இருக்க வேண்டும். எந்த மருத்துவமனையின் பை, எந்நாளில், எவ்வளவு எடையுடன் வெளியேறியது, எப்பொழுது நிலையத்தை அடைந்தது என்பதைப் பட்டைக்குறியீடு காட்டும். வழியில் ஒரு பை தொலைந்தால் அது யாருடையது என்று தெரியும் என்பதே இதன் பயன்.

48 மணி நேரம்

கிருமிநீக்கப்படாத திசுக் கழிவையும் இரத்தம் தோய்ந்த கழிவையும் 48 மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது 1998 முதல் தொடரும் விதி. அதற்கு மேல் வைக்க நேர்ந்தால் தக்க பாதுகாப்புச் செய்து, காரணத்துடன் வாரியத்திற்குத் தெரிவிக்க வேண்டும். கழிவு சேகரிக்கும் நிறுவனம் விடுமுறை நாட்களிலும் வண்டி அனுப்ப வேண்டும் என்று 2016 விதிகள் கூறுவது இதனால்தான். பொங்கல், தீபாவளி விடுமுறையிலும் பிரசவமும் அறுவை சிகிச்சையும் நிற்பதில்லை.

உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல் வெப்ப நாடுகளில் குளிர்காலத்திற்கு 48 மணி நேரம் என்றும், கோடைக்கு 24 மணி நேரம் என்றும் பிரித்துக் கூறுகிறது. இந்திய விதியில் இந்தப் பிரிவு இல்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் சேலத்தின் வெயிலை அறிந்தவர்கள், 24 மணி நேரமே இவ்வூருக்குப் பொருத்தமான அளவு என்பதை ஒப்புக்கொள்வர்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் 75 கி.மீ. எல்லையும்

ஒவ்வொரு மருத்துவமனையும் சொந்தமாக எரிஉலை வைப்பதை விதிகள் இப்பொழுது ஊக்குவிப்பதில்லை. 75 கி.மீ. தொலைவிற்குள் பொது உயிரி மருத்துவக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் மருத்துவமனை தன் வளாகத்தில் தனி வசதி அமைக்கக் கூடாது. ஒரு நிலையம் 75 கி.மீ. ஆரமுள்ள பகுதிக்குச் சேவை செய்யலாம். அப்பகுதியில் 10,000 படுக்கைகள் இல்லையெனில் 150 கி.மீ. வரை விரிவாக்கலாம் என்பது மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதலாகும்.

சேலம் மாவட்டத்தில் ஓமலூர்ப் பகுதியில் இத்தகைய பொது நிலையம் நிறுவப்பட்டது. ஓமலூரை மையமாகக் கொண்டு நிலப்படத்தில் 75 கி.மீ. வட்டம் வரைந்தால் மேட்டூர், சங்ககிரி, ஆத்தூர், இராசிபுரம், நாமக்கல் ஆகிய ஊர்கள் உள்ளே வந்துவிடும். 1997 சனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், கழிவு விடயத்தில் பழைய தாய் மாவட்டத்தோடு இன்னும் ஒரே வட்டத்தில் இருப்பதை இது காட்டுகிறது.

சேலத்தில் 1986 இல் தொடங்கப்பட்ட அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனை இவ்வட்டாரத்தின் பெரிய அரசு மருத்துவமனையாகும். நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்துவைக்கப்பட்டது. இவற்றைத் தவிர தனியார் மருத்துவக் கல்லூரிகளும், நூற்றுக்கணக்கான தனியார் மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் உள்ளன. அரசு மருத்துவமனைகளில் கழிவு மேலாண்மைக்கான பயிற்சியும், பொது நிலையங்களுடன் ஒப்பந்தமும் உலக வங்கி உதவியுடன் 2005 இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் வழியாகப் பரவலாயின.

நிலையங்கள் பெரும்பாலும் எடையை வைத்தன்றி, படுக்கை ஒன்றிற்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் பெறுகின்றன. இதில் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. எடைக்குக் கட்டணம் என்றால் மருத்துவமனைகள் கழிவை மறைத்துத் தெருத்தொட்டியில் போட முனையும். படுக்கைக்குக் கட்டணம் என்றால் அந்த ஆசை எழாது. ஆனால் சாதாரணக் குப்பையையும் மஞ்சள் பையில் திணிக்கும் சோம்பல் எழும்.

எரிஉலையும் ஆட்டோகிளேவும்

எரிஉலையில் இரண்டு அறைகள் உண்டு. முதலாவது அறையில் கழிவு 800 பாகை செல்சியசு அளவில் எரியும். அங்கிருந்து எழும் புகை இரண்டாவது அறையில் 1050 பாகை செல்சியசு வெப்பத்தில் மீண்டும் எரிய வேண்டும். இரண்டிலும் 50 பாகை கூடவோ குறையவோ இருக்கலாம். புகை இரண்டாம் அறையில் தங்கவேண்டிய நேரம் 1998 விதிகளில் 1 நொடியாக இருந்தது; 2016 இல் 2 நொடியாக உயர்த்தப்பட்டது. டயாக்சின் மூலக்கூறுகள் முழுமையாகச் சிதைவதற்கே இந்த நேரம். புகைபோக்கி 30 மீட்டருக்குக் குறையாத உயரம் உடையதாக இருக்க வேண்டும். புகையிலுள்ள துகள்களின் அளவு ஒரு கன மீட்டருக்கு 150 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டதுடன், டயாக்சின், பியூரான்களுக்கு 0.1 நானோகிராம் என்ற எல்லை முதன்முறையாக விதிக்கப்பட்டது. இந்தியா 2006 இல் ஏற்றுக்கொண்ட ஸ்டாக்கோம் உடன்படிக்கை, மருத்துவக் கழிவு எரிஉலைகளை டயாக்சின் உண்டாகும் இடங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது.

எரிந்து மிஞ்சும் சாம்பலும் தீங்கற்றது அன்று. அதில் கன உலோகங்கள் இருக்கக்கூடும். எனவே அது கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற தீங்குடைய கழிவுக்கான பாதுகாக்கப்பட்ட நிலநிரப்பு இடத்திற்கே செல்ல வேண்டும்.

ஆட்டோகிளேவ் என்பது பெரிய அளவில் அமைந்த ஓர் அழுத்தச் சமையற்கலம் போன்றது. வெற்றிடமாக்கும் வகையில் 121 பாகை செல்சியசு, 15 இறாத்தல் அழுத்தத்தில் 45 நிமிடங்களும், சாதாரண வகையில் அதே வெப்ப அழுத்தத்தில் 60 நிமிடங்களும் கழிவை வைத்திருக்க வேண்டும். உள்ளே வெப்பம் சரியாகப் பரவியதா என்பதை அறிய, வெப்பத்தை மிகவும் தாங்கும் ஜியோபாசில்லஸ் ஸ்டீரோதெர்மோபிலஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகளைக் கழிவோடு வைத்துச் சோதிப்பர். அவையே இறந்துவிட்டால் ஏனையவை பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்பது இதன் அடிப்படை.

திருமணிமுத்தாறும் கழிவுநீரும்

திண்மக் கழிவைப் பற்றிப் பேசும் அளவுக்கு மருத்துவமனைக் கழிவுநீர் பேசப்படுவதில்லை. ஆய்வகம், அறுவை அரங்கு, சலவையிடம் ஆகியவற்றிலிருந்து வரும் நீரை வளாகத்திலேயே கிருமிநீக்கம் செய்து, பிற கழிவுநீருடன் கலக்கும் முன் தூய்மைப்படுத்த வேண்டும். வெளியேறும் நீரில் உயிர்வேதி ஆக்சிசன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமிற்கும், வேதி ஆக்சிசன் தேவை 250 மில்லிகிராமிற்கும் மிகக் கூடாது. இவற்றுடன் மீன் சோதனையும் உண்டு. நீர்த்தப்படாத அக்கழிவுநீரில் விடப்பட்ட மீன்களில் 90 விழுக்காடு 96 மணி நேரத்திற்குப் பிறகும் உயிரோடிருக்க வேண்டும்.

சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் நடுவே பாய்ந்து, நாமக்கல் மாவட்டத்தின் வயல்களையும் ஏரிகளையும் தொட்டுக் காவிரியில் கலக்கிறது. சாயக்கழிவும் சாக்கடையும் கலந்து இவ்வாறு பல காலமாகச் சீர்கெட்டுள்ளது. நகரில் வெளியேற்றப்படும் எதுவும் கீழே உள்ள விவசாயியின் கிணற்றுக்குச் செல்லும் வழி இதுவாக இருப்பதால், மீன் சோதனை இங்கு ஏட்டளவில் நிற்கத் தக்கதன்று.

கோழிப்பண்ணைகள்

நாமக்கல் முட்டை உற்பத்திக்குப் பெயர்பெற்றது. 1985 இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையமும் இங்கு உள்ளது. விதிகள் மனித மருத்துவத்திற்கு மட்டும் உரியவை என்ற எண்ணம் பரவலாக இருப்பினும், கால்நடை மருத்துவ நிறுவனங்களும் சோதனை விலங்குகளை வைத்திருக்கும் இடங்களும் 1998 முதலே இவற்றுள் அடங்கும். கல்லூரியின் அறுவைக்கூடம், நோய்க்குறியியல் ஆய்வகம், நோயறியும் மையங்கள் ஆகியவை மருத்துவமனை போலவே நான்கு நிறப் பைகளைப் பின்பற்ற வேண்டும்.

பண்ணைகளின் நிலை வேறு. பண்ணையில் இயல்பாக இறக்கும் கோழியை மருத்துவக் கழிவாக விதிகள் கருதுவதில்லை. ஆனால் பண்ணைகளில் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய் முதலியவற்றிற்கு உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட நச்சுயிரி அடங்கிய தடுப்பூசிகள் பெருமளவில் போடப்படுகின்றன. ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஒரே நாளில் மருந்து கொடுக்கும்போது குப்பிகளும் ஊசிகளும் குவியும். இந்த மருந்து மிச்சம் அதன் இயல்பினால் மஞ்சள் பைக்கு உரிய பொருளே. மருத்துவமனைக்கு வரும் மஞ்சள் வண்டி பண்ணைக்கு வருவதில்லை. சிதறிக் கிடக்கும் பண்ணைகளுக்கும் பொது நிலையத்திற்கும் இடையே சேகரிப்பு முறை ஒன்றை அமைப்பது இம்மாவட்டத்திற்கே உரிய தேவையாகும். வேறு மாவட்டங்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட விதியில் இதற்கு நேரடியான விடை கிடைப்பதில்லை.

மலைப்பகுதிகள்

சமவெளியின் ஓரங்களில் ஏற்காடும் கொல்லிமலையும் உள்ளன. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பொது நிலையத்தின் வண்டி சென்றடைய இயலாத தொலைதூரச் சிற்றூர்களில் மட்டும், வாரியத்தின் ஒப்புதலோடு, ஆழக்குழியில் புதைக்கும் முறையை விதிகள் அனுமதிக்கின்றன. குழி சுமார் 2 மீட்டர் ஆழம் இருக்க வேண்டும். பாதி அளவிற்குக் கழிவு இட்டு, மேற்பரப்பிற்கு 50 செ.மீ. கீழ் வரை சுண்ணாம்பு நிரப்பி, எஞ்சியதை மண்ணால் மூட வேண்டும். ஒவ்வொரு முறை கழிவு இடும்போதும் 10 செ.மீ. மண் போட வேண்டும். நாய், பன்றி முதலியன தோண்டாதவாறு கம்பிவலை மூடி தேவை. நிலத்தடி நீர்மட்டம் குழியின் அடியிலிருந்து குறைந்தது 6 மீட்டர் கீழே இருக்க வேண்டும்.

நேர்க்கோட்டில் அளந்தால் கொல்லிமலை 75 கி.மீ. வட்டத்திற்குள்ளேயே வரும். சாலை வழியே செல்லும் வண்டிக்கு அந்த அளவு பொருந்தாது. நிலப்படத்தில் வட்டம் வரைவோர் வளைவுகளை எண்ணுவதில்லை.

லாரிகளும் எல்லை கடந்த கழிவும்

நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. லாரித் தொழிலில், சென்ற வண்டி வெறுமையாகத் திரும்புவது நட்டம். திரும்பும் வழியில் கிடைக்கும் சரக்கு எதுவாயினும் ஏற்றுவது வழக்கம். இந்த வழக்கத்திற்கும் கழிவு விதிகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மருத்துவக் கழிவை உயிரித்தீங்குக் குறி பொறித்த, அங்கீகாரம் பெற்ற, இருப்பிடம் காட்டும் கருவி பொருத்திய தனி வண்டியில் மட்டுமே ஏற்ற வேண்டும். வேறு சரக்குடன் கலக்கக் கூடாது. நெகிழிக் கழிவு என்ற பெயரில் மூட்டை கட்டி ஏற்றப்படும் சுமையில் மருத்துவக் கழிவு இருந்தால், அதை அறியாமல் ஏற்றிய ஓட்டுநரும் வண்டி உரிமையாளரும் வழக்கில் சிக்குவர்.

கேரளத்திலிருந்து மருத்துவக் கழிவு தமிழகத்தில் கொட்டப்படுவது பல ஆண்டுகளாக எழும் சிக்கல். கேரளத்தில் நீண்ட காலம் இந்திய மருத்துவச் சங்கத்தின் பாலக்காட்டு நிலையம் ஒன்றே மாநிலம் முழுமைக்கும் பொது நிலையமாக இருந்தது. 2024 திசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் ஆகிய ஊர்களின் அருகே திருவனந்தபுரம் மருத்துவமனைகளின் கழிவுகள் கொட்டப்பட்டிருப்பது கண்டறியப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு அவற்றை மூன்று நாட்களுக்குள் அகற்றுமாறு கேரள அரசுக்கு ஆணையிட்டது. அதன்படி அம்மாத இறுதியில் கேரளத்திலிருந்து அலுவலர்களும் லாரிகளும் வந்து கழிவைத் திரும்ப எடுத்துச் சென்றனர். கழிவைக் கொட்டியவர் யார் என்பதைக் காட்டியவை, குப்பையில் கிடந்த நோயாளிச் சீட்டுகளும் மருத்துவமனைப் பெயர் பொறித்த தாள்களுமே.

இதைத் தொடர்ந்து, குண்டர் சட்டம் என்று பரவலாக அறியப்படும் 1982 ஆம் ஆண்டின் தமிழ்நாடு தடுப்புக்காவல் சட்டத்தில், மருத்துவக் கழிவை முறைகேடாகக் கொட்டுவோரையும் சேர்ப்பதற்கான திருத்த முன்வரைவு 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது.

தண்டனையும் கண்காணிப்பும்

விதிகளை மீறுவோருக்குச் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் 15 ஆம் பிரிவின்படி முன்னர் 5 ஆண்டுகள் வரை சிறையும் 1 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க இடமிருந்தது. 2023 ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் சிறைத்தண்டனையை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 இலட்சம் ரூபாய் வரை பணத்தண்டம் என மாற்றியது. இம்மாற்றம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் குற்ற வழக்கைவிட விரைவில் விதிக்கப்படும் பணத்தண்டம் பயனளிக்கும் என்பது ஒரு சாராரின் கருத்து. பெரிய நிறுவனங்களுக்கு அது மற்றொரு செலவுக்கணக்காக மட்டுமே இருக்கும் என்பது மறு சாராரின் கருத்து. நடுவண் அரசு சிறையை நீக்கிய மறு ஆண்டே தமிழகம் தடுப்புக்காவலை நாடியது என்பது குறிப்பிடத்தக்கது.

மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கப்பட வேண்டும். அது ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மாநில ஆலோசனைக் குழுவிற்கு அறிக்கை தர வேண்டும். மருத்துவமனைகள் தங்கள் ஆண்டறிக்கையைச் சூன் 30 ஆம் நாளுக்குள் வாரியத்திற்கு அனுப்ப வேண்டும். ஏடுகளை 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். ஊசி குத்துதல் உள்ளிட்ட விபத்துகளையும் பதிவுசெய்ய வேண்டும்.

கோவிட் காலம்

2020 மார்ச்சில் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் கோவிட்-19 நோயாளிகளின் கழிவுக்கெனத் தனி வழிகாட்டுதலை வெளியிட்டது. பின்னர் அது பலமுறை திருத்தப்பட்டது. தனி வார்டுகளின் கழிவு இரட்டை அடுக்குப் பைகளில் இடப்பட்டது. அவ்வாண்டுகளில் முகக்கவசமும் கையுறையும் முதன்முறையாக மருத்துவமனைக்கு வெளியே, வீட்டுக் குப்பையில் பெருமளவில் வந்து சேர்ந்தன. நோயற்றவர் அணிந்த முகக்கவசத்தைத் தாள் பையில் 72 மணி நேரம் வைத்து, வெட்டிய பின் சாதாரணக் குப்பையில் போடலாம் என்று கூறப்பட்டது.

வீடுகளில் உண்டாகும் கழிவு

நீரிழிவு நோயாளிகள் வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசி, இரத்தச் சர்க்கரை பார்க்கும் முனை, காலாவதியான மாத்திரை ஆகியவை மருத்துவமனை விதிகளுக்குள் வாரா. அவை வீட்டுத் தீங்குடைய கழிவாகத் திடக்கழிவு விதிகளின் கீழ் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பாகும். அவற்றைத் தனியே பெற்றுப் பொது நிலையத்திற்கு அனுப்பும் ஏற்பாட்டை உள்ளாட்சி அமைப்பே செய்ய வேண்டும். அத்தகைய ஏற்பாடு இல்லாத தெருக்களில், கடினமான நெகிழிப் புட்டி ஒன்றில் ஊசிகளைச் சேர்த்து, மூடியை இறுக்கி, மேலே 'ஊசி' என்று எழுதித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுப்பது அவருடைய கையைக் காக்கும். ஊசி முனையில் மூடியைத் திரும்பப் பொருத்த முயல்வதே வீட்டிலும் மருத்துவமனையிலும் பலமுறை குத்துக்குக் காரணமாகிறது என்பதால், அவ்வாறு செய்யாமல் நேராகப் புட்டியில் இட வேண்டும்.